அக்கா முகத்துக்கு வைத்த வெளிச்சம்

"கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கோங்க மேடம்" என்று சின்னவள் சொன்னதை மேனேஜரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சின்னவளின் அத்தான், அக்கா புருஷன், சுவிட்சைத் தட்டினார்.

மேசைக்கடியில், அலமாரிக்குப் பின்னால், கதவு மூலையில் என்று அதுவரை ஒண்டிக்கொண்டிருந்த இருட்டு ஒரே நொடியில் காணாமல் போனது. ஆளுயர ஸ்டாண்டின் உச்சியிலிருந்து வெளிச்சம் மேலே பாய்ந்து, வெள்ளைக் கூரையில் மோதி, அறை முழுக்கப் பால் கொட்டியது போல் இறங்கியது. வெளியே நாள் கணக்காக விடாத தூறல். உள்ளே உச்சிப் பகல். எதற்கும் நிழல் இல்லை.

"அம்மாடியோவ்!" மேனேஜரம்மா கண்ணைக் கசக்கினாள். "இது விளக்கா, இல்ல சூரியனை வாடகைக்குப் புடிச்சிட்டு வந்துட்டீங்களா?"

"வாடகை கட்டுப்படியாகலை மேடம். அதான் நாங்களே ஒண்ணு செஞ்சுக்கிட்டோம்" என்றான் புட்டி.

புட்டி அந்த விளக்குப் பட்டறையின் ஒரே தொழிலாளி. நாற்பதைத் தாண்டியவன். சோடா பாட்டிலின் அடிப்பாகம் போல் கனத்த கண்ணாடி போட்டிருப்பான். பெயருக்குக் காரணம் அதுதான். வயர் பற்ற வைப்பது, பெட்டி கட்டுவது, வந்தவர்களைச் சிரிக்க வைப்பது என்று மூன்று வேலைக்கும் ஒரே சம்பளம்.

மேனேஜரம்மா சிரித்தபடி, விளக்குக்கு எதிரே கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தற்செயலாகத் தன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உறைந்துவிட்டாள்.

"ஐயோ, எனக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சே!"

சின்னவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அக்கா.

கன்னத்தில் அதே ரோஜா நிறம். உதட்டில் அதே ஈரச் சிவப்பு. இமைப்பதற்குள் அது மறைந்து, மறுபடி மேனேஜரம்மா ஆகிவிட்டது. அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

அவரும் பார்த்திருக்கிறார்.

"எங்க கம்பெனிக்கு முதியோர் இல்லம் மட்டும் நாலு இருக்கு" என்று மேனேஜரம்மா வியாபாரத்துக்கு வந்தாள். "மழை மாசம் வந்தா எங்க ஆளுங்க தண்ணி ஊத்தாத செடி மாதிரி துவண்டு போயிடறாங்க. ஒரு விளக்கை ஒரு ரூம்ல வெச்சுப் பாக்கறேன். பலன் இருந்தா எல்லா ரூமுக்கும் உங்ககிட்டதான். சரியா?"

சரியா என்று கேட்கவும் வேண்டுமா! புட்டி அன்றைக்கே ஒரு விளக்கைப் பெட்டியில் கட்டி அவள் வண்டியில் ஏற்றினான்.

அந்த ஒரு விளக்கு ஜெயித்தால் பட்டறை பிழைக்கும். தோற்றால் இழுத்து மூட வேண்டியதுதான். மூவருக்கும் அது தெரியும்.

*

விளக்கு அக்காவுக்காகப் பிறந்தது.

மழை மாதங்களில் அக்கா வாடிவிடுவாள். படுக்கையை விட்டு எழ மாட்டாள். கூப்பிட்டால் 'ம்' என்பாள், அதற்கு மேல் பேச்சு இருக்காது. வெளிச்சம் போதாமல் வரும் சோர்வு என்றார் டாக்டர். தெருவிளக்குக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தான் அன்றைக்கே முடிவு கட்டினார். "வெயில்தானே வேணும்? வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வெக்கிறேன்." வேலையை விட்டார். மச்சினிச்சி சின்னவளும் தன் வேலையை விட்டுவிட்டு விற்பனை, கடிதப் போக்குவரத்து, கெஞ்சல் ஆகிய துறைகளை ஏற்றுக்கொண்டாள்.

சொல்வதற்குச் சுலபம். முதல் விளக்கு தன் மூடியைத் தானே உருக்கிக்கொண்டது. விசிறி வைத்தார்கள், வீட்டுக்குள் ஹெலிகாப்டர் இறங்குவது போல் சத்தம். சத்தத்தை அடக்க அலுமினியத் தகடு சேர்த்தார்கள். எடை ஏறிப்போய் அட்டைப்பெட்டியைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. கடைக்காரர்கள், "வீட்டுல இவ்ளோ வெளிச்சம் எதுக்கு, ஆபரேஷனா பண்ணப் போறாங்க?" என்றார்கள். சோதனைக்கூடத்தில், "ஷாக் அடிக்கலை, தீப்பிடிக்கலை, எங்க வேலை அவ்வளவுதான். வெளிச்சம் என்ன கலருங்கறது உங்க பாடு" என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

அத்தானை ஆட்டி வைத்தது அந்தக் கலர்தான்.

தினமும் அக்காவைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைப்பார். விளக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வெள்ளை, சிவப்பு, நீலம் என்ற மூன்று திருகு குமிழ்களையும் மயிரிழை அளவு திருப்புவார். அவள் முகத்தைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"மஞ்சளடிக்குது. எல்இடி சரியில்லை."

எல்இடி விற்பவனோடு ஃபோனில் தினம் ஒரு சண்டை. "ஊருக்கே இதைத்தான் குடுக்கறேன், உங்க ஒருத்தருக்கு மட்டும் மஞ்சளடிக்குதா?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். புதுப் பெட்டி வந்தது. அதுவும் மஞ்சள். அத்தான் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினார், நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினார். அக்கா முகம் பூத்தது. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி மஞ்சள். மறுபடி திருகல்.

ஒருவழியாக நிறம் பிடிபட்டது. அந்த வெளிச்சத்தில் அக்கா புதுப்பெண் போல் இருந்தாள். வீடே கை தட்டியது.

அந்த மாதமே அவள் போய்விட்டாள். ஈரல் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டார்: "இத்தனை நாள் யார் கண்ணுக்கும் படலையா?"

 பதில் கிடைக்காத அந்தக் கேள்வி அவர்களோடு வண்டியேறி வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொண்டது. பட்டறைக்கும் கூடவே வந்தது.

அக்கா போன பிறகும் அத்தான் ஒவ்வொரு விளக்கையும் அதே நாற்காலிக்கு எதிரே வைத்துத்தான் நிறம் சரி பார்த்தார். நாற்காலி காலி. அவர் உதட்டைப் பிதுக்குவார், குமிழைத் திருப்புவார், தலையை ஆட்டுவார். சின்னவள் அந்த நேரத்தில் அறைக்குள் போக மாட்டாள்.

ஒருநாள் மட்டும், மனசு கேட்காமல், ஒரு விளக்கின் குமிழ்களை வெறும் வெள்ளைக்குத் திருப்பி வைத்தாள். மறுநாள் பார்த்தபோது மூன்றும் பழைய இடத்தில் நின்றன.

"அத்தான், இதை நீங்க மாத்துனீங்களா?"

"நானா? நான் தொடவே இல்லையே."

பொய் சொல்கிற முகமாக இல்லை. 

*

இல்லத்திலிருந்து மேனேஜரம்மாவின் ஃபோன் வர ஆரம்பித்தது. விளக்கு வைத்த அறையில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

"டிரைவரய்யா ஆளே மாறிட்டார்மா! விளக்கைப் போட்டா முகம் அப்படியே ஜொலிக்குது. அவர் பொண்ணு நேத்து வந்து பாத்துட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுடுச்சு, போ!"

அடுத்த ஃபோன்: "பக்கத்து ரூம்காரங்க எல்லாம், எங்களுக்கு எப்போன்னு என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க."

புட்டி பட்டறையில் குத்தாட்டம் போட்டான். இரண்டு சுற்றுக்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். "வயசாயிடுச்சு தங்கச்சி. கொஞ்ச நாளா சோறைப் பாத்தாலே குமட்டுது. உங்கண்ணி சமையலைக் குறை சொன்னா வீட்டுல இடமில்லை, அதனால உடம்பைக் குறை சொல்லிக்கறேன்."

சின்னவள் சிரித்தாள். விளக்கடியில் அவன் முகம் பழுத்த ஆப்பிள் போல் இருந்தது. இந்த ஆளுக்கு என்ன குறை?

மறுநாள் காலை அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. புட்டி வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். தூறல் கண்ணாடியில் விழ, கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

கனத்த கண்ணாடி இல்லாமல் அவன் கண்களை அவள் பார்த்ததே இல்லை.

வெள்ளை விழி வெள்ளையாக இல்லை. எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. கழுத்து, நெற்றி, காது மடல் எல்லாம் அதே நிறம்.

"புட்டியண்ணே... உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு? கண்ணாடி இல்லைன்னா எனக்கு என் கண்ணே தெரியாது."

அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். விளக்கடியில் நிறுத்தினாள். மஞ்சள் இல்லை. துடைத்து எடுத்தாற்போல் மறைந்திருந்தது. ரோஜா நிறத்தில் பளபளவென்று நின்றான் புட்டி. மறுபடி வாசலுக்கு இழுத்தாள். எலுமிச்சை. மறுபடி உள்ளே. ரோஜா.

"தங்கச்சி, என்னை என்ன கதவுன்னு நெனச்சியா? உள்ள தள்றே, வெளிய இழுக்கறே!"

 ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்ட கேள்வி, இத்தனை மாதம் கழித்து, எழுந்து நின்று அவளுக்குப் பதில் சொன்னது.

ஃபோன் அடித்தது.

"நல்ல சேதிம்மா!" மேனேஜரம்மா. "எங்க பெரிய முதலாளி சம்மதிச்சிட்டார். மத்தியானம் வந்து கையெழுத்துப் போடுங்க. டிரைவரய்யா ரூம்லயே வெச்சுக்கலாம், ஃபோட்டோ எடுக்க நல்லா இருக்கும்."

"மேடம்... அவர் சரியா சாப்பிடறாரா?"

"சாப்பாடுதான் கொஞ்சம் கம்மி. அதனால என்ன, முகத்தைப் பாக்கணுமே நீங்க!"

"மேடம், அந்த விளக்கை அணைச்சிட்டு, அவரை ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போயி..."

"இந்த மழையில ஜன்னலையா திறக்கச் சொல்றே? நல்ல ஆளும்மா நீ! மத்தியானம் வந்துடுங்க." வைத்துவிட்டாள்.

*

நிறம் பார்க்கும் அறையில் அத்தான் இருந்தார். ஜன்னலுக்குப் பலகை அடித்த அறை. வெளி வெளிச்சம் துளி நுழையாது. காலி நாற்காலிக்கு எதிரே ஒரு புது விளக்கு. அத்தானின் பார்வை நாற்காலியில். விரல்கள் மட்டும் குமிழ்களில் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன.

"யாரைப் பாத்து நிறம் வெக்கறீங்க அத்தான்?"

"இதென்ன கேள்வி? அவளைத்தான்."

சொன்ன விதத்தில் துக்கம் கூட இல்லை. பக்கத்தில் இருப்பவளைப் பற்றிச் சொல்வது போல் சொன்னார்.  சின்னவள் நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. பார்த்தாள். பிரம்பு. வெறும் பிரம்பு.

அவள் வாசலுக்குப் போனாள். புட்டியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். விளக்கை அணைத்தாள். மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்து, ஜன்னல் பலகையை நெம்பினாள்.

"ஏய் சின்னவ, என்ன பண்றே? பைத்தியமா உனக்கு?"

ஆணிகள் கிறீச்சிட்டன. பலகை பெயர்ந்து விழுந்தது. மழை நாளின் சாம்பல் வெளிச்சம் அறைக்குள் வந்தது.

"புட்டியண்ணே, கண்ணாடியைக் கழட்டுங்க. அத்தான், இப்போ பாருங்க."

அத்தான் பார்த்தார். பழக்கத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

"மஞ்சளடிக்குதே" என்றார். "எல்இடி சரியில்லை." அவர் கை குமிழைத் தேடிப் போனது. சிவப்பைத் திருப்பியது. நீலத்தைத் திருப்பியது. புட்டியின் முகம் மாறவில்லை. இன்னும் திருப்பினார்.

"அத்தான்" என்றாள் சின்னவள். "விளக்கு அணைஞ்சிருக்கு."

கை நின்றது.

 விளையாட்டுப் பேச்சு எல்லாம் ஓய்ந்து, புட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தான் குமிழிலிருந்து விரலை எடுத்தார். நெருப்பைத் தொட்டவர் போல் எடுத்தார்.

 அணைந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ எல்இடி நல்லாத்தான் இருந்துச்சா?"

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாரா வாரம் நான்தான் அந்த மஞ்சளை..." அவர் கண்கள் மறுபடி நாற்காலிக்குப் போயின. அங்கே புட்டி உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி யாரையோ தேடினார். யாரும் இல்லை போலிருக்கிறது.

"அத்தான், அழறதுக்கு இப்போ நேரமில்லை. அங்க ஒருத்தர் அந்த விளக்கடியில படுத்திருக்கார்."

"யாரு?"

"பஸ் டிரைவர். சாப்பாடு இறங்கலையாம். முகம் மட்டும் ஜொலிக்குதாம்."

அத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க கிளம்புங்க" என்றான் புட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "நான் நேரா டாக்டர்கிட்ட போறேன். எலுமிச்சங்காய் நிறத்துல வீட்டுக்குப் போனா உங்கண்ணி ஊறுகாய் போட்டுடுவா." 

*

டிரைவரின் அறைக்குள் அடி வைத்ததுமே சின்னவளுக்கு அந்த நிறம் தெரிந்துவிட்டது. சுவர், தலையணை உறை, தண்ணீர் ஜாடி எல்லாவற்றிலும் அக்கா முகத்தின் நிறம். உள்ளே இருந்த அத்தனை பேரும் தூரத்து ஜாடையில் அக்காவாகத் தெரிந்தார்கள். பேனாவும் கையுமாக நின்ற மேனேஜரம்மா. ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்த டிரைவரின் மகள். மூலையில் நின்ற நர்ஸ். கட்டிலில் சாய்ந்திருந்த டிரைவர் கூட.

"வாங்க வாங்க! எங்க ஹீரோவைப் பாருங்க" என்றாள் மேனேஜரம்மா.

"அப்பா, சிரிப்பா" என்றாள் மகள்.

டிரைவர் சிரித்தார். கன்னம் ரோஜாவாகப் பூத்தது. கை மட்டும் போர்வையின் மேல் தளர்ந்து கிடந்தது.

"ஐயா, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார் அத்தான்.

"நீங்களாவது கேட்டீங்களே தம்பி." டிரைவரின் குரல் பழைய எஞ்சின் மாதிரி இழுத்தது. "சோறு உள்ள போக மாட்டேங்குது. உடம்பெல்லாம் அரிக்குது. சொன்னா, நல்லாத்தானே இருக்கீங்க, கண்ணாடியைப் பாருங்கங்கறாங்க. நானும் பாக்கறேன். நல்லாத்தான் இருக்கேன். எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு."

சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எனக்குப் பசிக்கலைடி என்று அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! முகம் பளிச்சுன்னு இருக்கே, சும்மா சாப்பிடு என்று எத்தனை தடவை அதட்டியிருப்பார்கள்!

அத்தான் விளக்கின் அருகே போய் மண்டியிட்டார். மூடியின் திருகாணிகளைக் கழற்றினார்.

"அதை ஏன் சார் கழட்டறீங்க? நல்லாத்தானே எரியுது?" என்றாள் மேனேஜரம்மா.

 அத்தான் சிவப்புக் குமிழைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.  அவருடைய உதடு அசைந்தது. சின்னவளுக்கு மட்டும் கேட்டது. "விடும்மா" என்றார் யாரிடமோ. "கொஞ்சம் விடு."

திருப்பினார்.

சிவப்பு இறங்கியது. நீலம் இறங்கியது. அறை ஒரு நொடி செத்தது போல் வெளுத்து, வெறும் வெள்ளையாக நின்றது. மேனேஜரம்மா மேனேஜரம்மா ஆனாள், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. மகள் ஃபோனை இறக்கினாள்.

கட்டிலில் மஞ்சளாக ஒரு மனிதர் கிடந்தார். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள்.

"ஐயோ!" நர்ஸ் ஓடி வந்து அவர் இமையை விலக்கிப் பார்த்தாள். "இது எப்ப இருந்து? காலையில கூட நான்தானே பாத்தேன்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க மேடம், ஆம்புலன்ஸ்!"

அறை அல்லோலகல்லோலப்பட்டது. மேனேஜரம்மா ஃபோனில் கத்தினாள். கத்தி முடித்ததும் சின்னவளை ஓரமாக இழுத்தாள்.

"என்னம்மா இது?"

"மேடம், இனிமே எங்க விளக்கு எல்லாம் இந்த வெள்ளையிலதான் வரும். இதுக்குச் சம்மதம்னா கையெழுத்து போடலாம்."

மேனேஜரம்மா கூரையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கடைசியாகப் பேனாவை மூடினாள். "நோயாளி நோயாளியாவே தெரியற விளக்கை எவன்மா காசு குடுத்து வாங்குவான்? பாக்க வர்ற சொந்தக்காரங்க அழுதுட்டுப் போகவா?"

 பட்டறையின் ஷட்டர் இறங்கும் சத்தம் சின்னவள் காதில் கேட்பது போலிருந்தது. இருந்தும் அவள் அத்தானைப் பார்க்கவில்லை. மாற்றி வைக்கச் சொல்லவுமில்லை.

ஸ்ட்ரெச்சர் வர நேரமானது. மகள் அப்பாவின் மஞ்சள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று திரும்பி, விளக்கடியில் மண்டியிட்டிருந்த அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன பண்ணி வெச்சீங்க? நீங்க வர்ற வரைக்கும் அப்பா நல்லா இருந்தார்! முன்ன இருந்த மாதிரி வைங்க சார்! வைங்க!"

அத்தான் குமிழ்களைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவள் அடித்தாள். வாங்கிக்கொண்டார்.

"நானும் அப்படித்தாம்மா வெச்சேன்" என்றார். "ஒவ்வொரு வாரமும் வெச்சேன்."

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவரைத் தூக்கிக்கொண்டு போகும் வரை குமிழ்களை மூடிய கையை அத்தான் எடுக்கவே இல்லை.